உறுப்பு ஒத்துக்கொண்டது... மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பி மூன்று வாரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கிரியாட்டினின் இறங்கிவிட்டது. டயாலிசிஸுக்கு ஓடிய நாட்கள் முடிந்துவிட்டன. காலைக்கும் இரவுக்கும் தனித்தனி டப்பாவில் பத்துப் பன்னிரண்டு மாத்திரைகள். திடீரென ஒரு நாள் லேசான காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். அடுத்த நாள் மார்பிலும் முதுகிலும் சிவப்புத் தடிப்பு.

வீட்டில் என்ன பேச்சு எழும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். "இத்தனை மாத்திரை சாப்பிட்டா சூடு பிடிக்காம என்ன செய்யும்?" என்பார் ஒருவர். "அம்மை போட்டிருக்கும்போல, வேப்பிலை வைங்க, மாத்திரை எல்லாத்தையும் நிறுத்துங்க" என்பார் இன்னொருவர். "நிறுத்தினா கிட்னி போயிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரே" என்று மூன்றாவது குரல் தயங்கும். கடைசியில் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் இரண்டு அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு, "பார்ப்போம்" என்று இருந்துவிடுவார்கள்.

ஆபத்து அந்தப் "பார்ப்போம்" என்ற இரண்டு, மூன்று நாட்களில்தான் இருக்கிறது. அந்தத் தடிப்பு சாதாரண அரிப்பாக இருக்கலாம். உயிரையே எடுக்கக்கூடிய தீவிர மருந்து ஒவ்வாமையின் தொடக்கமாகவும் இருக்கலாம். எது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு தானம் பெறும் திட்டம் 2008-ல் தொடங்கியது. உறுப்பு தானம் செய்வோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023-ல் அரசு அறிவித்தது. உறுப்பு கிடைப்பது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கிடைத்த உறுப்போடு வாழ்நாள் முழுக்க மருந்து சாப்பிட்டு வாழ்பவர்களைப் பற்றிய பேச்சு குறைவு. அதில் பலர் கவனிக்காத பகுதி இந்த மருந்து ஒவ்வாமை.

எதிர்ப்பு சக்தியைக் குறைத்த பிறகும் அலர்ஜி வருமா?

நியாயமான கேள்வி. அலர்ஜி என்பதே உடலின் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் சண்டைக்குப் போவதுதான். மாற்று உறுப்பு பொருத்தப்பட்டவருக்கு அந்த மண்டலத்தை அடக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசலோன் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. பிறகு எப்படி அலர்ஜி?

எதிர்ப்பு மண்டலத்தை இந்த மருந்துகள் முழுசாக அணைத்துவிடுவதில்லை. ஒரு பகுதியை மட்டுப்படுத்துகின்றன. எதிர்ப்பு சக்தி குறைந்தால் அலர்ஜி வராது என்பதும் சரியல்ல. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களை எடுத்துக்கொள்ளலாம். சல்ஃபா மருந்துகளுக்கு அவர்களிடம் ஏற்படும் ஒவ்வாமை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எதிர்ப்பு மண்டலம் பலவீனமாவது வேறு, நிலைதடுமாறுவது வேறு.

உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கு வேறு சில காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. முதல் சில வாரங்களில் ஒரே நேரத்தில் பல புதிய மருந்துகள் தொடங்கப்படுகின்றன. சிறுநீரகமோ கல்லீரலோ முழுத் திறனுக்கு வராத நிலையில் சில மருந்துகள் உடலிலேயே தங்குகின்றன. உள்ளே உறங்கிக்கிடக்கும் சில வைரஸ்களும் தலைதூக்குகின்றன.

எந்த மாதிரியான ஒவ்வாமை?

மருந்து ஆரம்பித்து எவ்வளவு நாளில் வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் புரிந்துகொள்வது எளிது.

சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் வருவது 'அனாஃபிலாக்சிஸ்'. உடல் முழுக்கத் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குதல். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் சிகிச்சை. உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கத் தரப்படும் ஏ.டி.ஜி. என்ற மருந்து முயல் அல்லது குதிரையின் உடலில் உருவாக்கி எடுக்கப்படும் புரதம். அதனால்தான் அதை மருத்துவமனையில், கண்காணிப்பில் வைத்து மட்டுமே ஏற்றுகிறார்கள்.

பெரும்பாலும் 4 முதல் 28 நாட்களுக்குள் வருவது 'ஸ்டீவன்ஸ் - ஜான்சன் சிண்ட்ரோம்'. 1922-ல் இதை முதலில் விவரித்த இரண்டு அமெரிக்க மருத்துவர்களின் பெயர் இது. காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று சளிக்காய்ச்சல் மாதிரி தொடங்கும். பிறகு வாயிலும் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் புண். தோலில் கருஞ்சிவப்புத் திட்டுகள். அரிப்பைவிட வலி அதிகமாக இருக்கும். தொட்டால் தோல் உரியும். உடல் பரப்பில் 10 சதவீதத்துக்குள் தோல் உரிந்தால் இந்தப் பெயர். 30 சதவீதத்தைத் தாண்டினால் 'டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ்'. முதல் வகையில் சுமார் பத்தில் ஒருவர் இறக்கிறார். இரண்டாவது வகையில் மூன்றில் ஒருவரை இழக்கிறோம். தீக்காயம் பட்டவரைப் போலவே இவர்களையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பிழைத்தவர்களில் பலருக்குப் பார்வைக் கோளாறு தங்கிவிடுகிறது.

மூன்றாவது, 2 முதல் 8 வாரம் கழித்து வரும் 'டிரெஸ்'. காய்ச்சல், முக வீக்கம், உடல் முழுக்கத் தடிப்பு, நெறிகட்டுதல். ரத்தப் பரிசோதனையில் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் எகிறியிருக்கும். தோலோடு நிற்காமல் கல்லீரல், சிறுநீரகம் வரை தாக்குவதுதான் இதன் தனித்தன்மை. சரியான மாதிரி இருந்துவிட்டு, ஸ்டீராய்டு அளவைக் குறைக்கும்போது திரும்பவும் வரும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். "ஊசிக்கு முன்னாடி டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகலை" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். டெஸ்ட் டோஸ் உடனடி ஒவ்வாமைக்கு மட்டுமே ஓரளவு உதவும். இரண்டு வாரம் கழித்து வரப்போகும் ஸ்டீவன்ஸ் - ஜான்சனையோ டிரெஸ்ஸையோ அது காட்டிக்கொடுக்காது.

எந்த மருந்துகளில் கவனம் தேவை?

தினமும் சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஸ்டீராய்டு ஆகியவை இந்தத் தீவிரத் தோல் ஒவ்வாமைக்குக் காரணமாவது அபூர்வம். சந்தேகம் பெரும்பாலும் கூடவே தரப்படும் துணை மருந்துகள் மீதுதான் போகும்.

முதலில் கோ-ட்ரைமாக்சசோல். செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் நம் ஊரில் பழகிப்போன சல்ஃபா மருந்து. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களைத் தாக்கும் ஒருவகை நிமோனியாவைத் தடுக்க, அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது சில மாதங்களுக்கு இது தரப்படுகிறது. பலரைக் காப்பாற்றும் மருந்து. அதே சமயம் ஸ்டீவன்ஸ் - ஜான்சன் காரணப் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும் மருந்தும் இதுதான்.

அடுத்து அலோபியூரினால். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களுக்கு யூரிக் ஆசிட் ஏறுவது சகஜம். கால் பெருவிரல் வீங்கி வலித்தால் பக்கத்துக் கிளினிக்கில் எழுதிக்கொடுக்கப்படும் முதல் மாத்திரைகளில் ஒன்று இது. சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கும், எடுத்த எடுப்பிலேயே அதிக அளவில் தொடங்குபவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இன்னொரு சிக்கலும் உண்டு. அசதயோபிரின் சாப்பிடுபவருக்கு அலோபியூரினாலும் சேர்ந்தால், அசதயோபிரின் உடலில் சிதையாமல் தேங்கி, எலும்பு மஜ்ஜையே முடங்கிப்போகும். இது அலர்ஜி அல்ல, இரண்டு மருந்துகளின் மோதல். ஆனாலும் உயிருக்கு ஆபத்து.

மூன்றாவது, வலிப்பு மருந்துகளான ஃபெனிடோயின், கார்பமசெபின், லாமோட்ரிஜின். இவை மூன்றுமே தீவிர ஒவ்வாமைக்குப் பெயர்போனவை. இதில் முதல் இரண்டும் டாக்ரோலிமஸின் ரத்த அளவையும் இறக்கிவிடும். அதாவது தோலுக்கும் ஆபத்து, உறுப்புக்கும் ஆபத்து.

நான்காவது, காசநோய் மருந்துகள். நம் நாட்டில் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்குக் காசநோய் வருவது அரிதல்ல. ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸ் அளவைக் கடுமையாகக் குறைக்கும். கூட்டாகத் தரப்படும் மருந்துகளில் ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போனால், எது என்று பிரித்துப் பார்ப்பதே பெரிய வேலை.

ஏன் கண்டுபிடிப்பது கஷ்டம்?

உறுப்பு மாற்றம் செய்துகொண்டவருக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் மருத்துவர் முன்னால் குறைந்தது நான்கு சாத்தியங்கள் இருக்கும். கிருமித்தொற்றாக இருக்கலாம். உறுப்பு நிராகரிப்பாக இருக்கலாம். மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். கல்லீரல் மாற்றத்துக்குப் பிறகு அபூர்வமாக, தானம் பெற்ற உறுப்போடு வந்த எதிர்ப்பு அணுக்கள் பெற்றவரின் உடலையே தாக்கும் நிலையாகவும் இருக்கலாம்.

நான்கும் ஒரே முகம் காட்டும். சிகிச்சையோ நேர் எதிர். நிராகரிப்பு என்றால் எதிர்ப்பு சக்தியை இன்னும் அடக்க வேண்டும். தொற்று என்றால் அந்த அடக்குமுறையைத் தளர்த்த வேண்டும். ஒவ்வாமை என்றால் குற்றவாளி மருந்தை உடனே நிறுத்த வேண்டும். டிரெஸ்ஸில் கிரியாட்டினின் ஏறினால் அது நிராகரிப்பு போலவே தெரியும். அசதயோபிரின் தொடங்கிய சில வாரங்களில் வரும் ஒவ்வாமை, காய்ச்சலும் நடுக்கமுமாகக் கிருமித்தொற்று போலவே தோன்றும். போதாததற்கு, ஏற்கெனவே சாப்பிடும் ஸ்டீராய்டு, காய்ச்சலையும் தடிப்பையும் மறைத்து, பாதி தீவிரத்தை மட்டுமே வெளியே காட்டும்.

இந்தக் குழப்பத்தில் மருத்துவருக்குக் கைகொடுப்பது இரண்டு தகவல்கள். எந்த மருந்து, எந்தத் தேதியில் தொடங்கப்பட்டது? இதற்கு முன் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே எத்தனை பேர்?

நிறுத்துவதா, தொடர்வதா?

நோயாளியின் வீட்டில் எழும் உண்மையான தவிப்பு இதுதான். எல்லா மாத்திரையையும் நிறுத்தினால் உறுப்பு போய்விடலாம். எல்லாவற்றையும் தொடர்ந்தால் உயிரே போய்விடலாம்.

இதற்கு வீட்டில் விடை கிடையாது. தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல், முக வீக்கம், தோலில் வலி, கொப்புளம் இவற்றில் எது சேர்ந்திருந்தாலும் அன்றைக்கே அறுவை சிகிச்சை செய்த மருத்துவக் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை. எந்த மருந்தை நிறுத்துவது, எதற்குப் பதில் எதைத் தருவது என்று மருத்துவக் குழுதான் முடிவெடுக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய துணை மருந்தை உடனே நிறுத்திவிட்டு, உறுப்பைக் காக்கும் மருந்துகளை அளவு பார்த்துத் தொடர வழி இருக்கிறது.

அம்மையாகவே இருந்தாலும் இதே பதில்தான். சாதாரணமானவர்களுக்கு ஒரு வாரத்தில் இறங்கிவிடும் சின்னம்மை, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரல் வரை போகும். வேப்பிலை கட்டுவது குடும்பத்தின் நம்பிக்கை; அதில் யாரும் குறுக்கிட வேண்டியதில்லை. வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் கூடாது.

ஸ்டீவன்ஸ் - ஜான்சனோ டிரெஸ்ஸோ ஒருமுறை வந்துவிட்டால், காரணமான மருந்தை வாழ்நாளில் மறுபடி தொடக் கூடாது. "கொஞ்சமா கொடுத்துப் பார்க்கலாம்" என்ற சோதனைக்கு இங்கே இடமே இல்லை.

ஃபைலிலேயே இருக்கும் எச்சரிக்கை

எல்லோருக்கும் இந்த ஒவ்வாமை வருவதில்லை. சிலருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு ஒரு பகுதி விடை மரபணுவில் இருக்கிறது. 2004-ல் தைவான் ஆய்வாளர்கள், கார்பமசெபினால் ஸ்டீவன்ஸ் - ஜான்சன் வந்த 44 பேரைப் பரிசோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை இருந்தது. அந்த மருந்து ஒத்துக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. அடுத்த ஆண்டு அலோபியூரினாலுக்கும் இதே போன்ற முடிவு. தீவிர ஒவ்வாமை வந்த 51 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 58:01 இருந்தது. ஒத்துக்கொண்ட 135 பேரில் 20 பேரிடம்தான் இருந்தது.

2011-ல் வெளியான இன்னொரு தைவான் ஆய்வில், 23 மருத்துவமனைகளில் 4,877 பேருக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்து, 15:02 இருந்தவர்களுக்குக் கார்பமசெபின் தராமல் தவிர்த்தார்கள். மற்றவர்களில் ஒருவருக்குக்கூட ஸ்டீவன்ஸ் - ஜான்சன் வரவில்லை.

இதற்கும் உறுப்பு மாற்றத்துக்கும் என்ன தொடர்பு? எச்.எல்.ஏ. என்ற சொல் சிறுநீரக மாற்றத்துக்குக் காத்திருந்த எந்தக் குடும்பத்துக்கும் புதிதல்ல. தானம் தருபவரும் பெறுபவரும் எவ்வளவு பொருந்துகிறார்கள் என்று பார்க்கச் செய்யப்படும் பரிசோதனையே அதுதான். அதில் 'பி' வகையும் பார்க்கப்படுகிறது. அதாவது எந்த மருந்து ஆபத்து என்பதற்கான ஒரு முக்கியத் துப்பு, பணம் கட்டி எடுத்த ரிப்போர்ட்டாக நோயாளியின் ஃபைலிலேயே கிடக்கலாம். எல்லா ரிப்போர்ட்டும் 58:01, 15:02 என்று நுணுக்கமாகச் சொல்வதில்லை. சிலவற்றில் பொதுவான குழு எண் மட்டுமே இருக்கும். அப்போது ஒரு கூடுதல் பரிசோதனை தேவைப்படும். கல்லீரல் மாற்றத்தில் இந்தப் பொருத்தம் வழக்கமாகப் பார்க்கப்படுவதில்லை என்பதால், அங்கே ரிப்போர்ட்டே இல்லாமலும் இருக்கலாம். ரிப்போர்ட் இருக்கும் இடத்திலாவது, உறுப்புப் பொருத்தத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு அதை மூடி வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

பொய்யான 'அலர்ஜி'யும் ஆபத்துதான்

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சின்ன வயதில் மாத்திரை சாப்பிட்டு வாந்தி வந்ததை "எனக்கு சல்ஃபா அலர்ஜி" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வாந்தி பக்கவிளைவு, அலர்ஜி அல்ல. பென்சிலின் அலர்ஜி என்று சொல்பவர்களை முறையாகப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அந்த அலர்ஜி இருப்பதில்லை என்று மேற்கத்திய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

உறுப்பு மாற்றம் செய்துகொண்டவருக்கு இந்தத் தவறான முத்திரை விலை உயர்ந்தது. கோ-ட்ரைமாக்சசோல் வேண்டாம் என்றால் மாற்று மருந்துகள் உண்டு. ஆனால், அவை பாதுகாப்பில் அதற்குச் சமமல்ல; அவற்றுக்கென்று தனி ஆபத்துகளும் உண்டு. அதனால் "அலர்ஜி" என்று ஒற்றைச் சொல் எழுதிவைத்தால் போதாது. மருந்தின் பெயர், சாப்பிட்ட எத்தனையாவது நாளில் என்ன ஆனது, என்ன சிகிச்சை தரப்பட்டது என்ற மூன்றும் வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியது எளிது. புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுவது. ஒத்துக்கொள்ளாத மருந்தை அட்டையில் எழுதிப் பர்சில் வைப்பது. பிராண்ட் பெயர் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மருந்தின் மூலப்பெயரையே எழுதுவது. பல்வலியோ மூட்டுவலியோ, யார் எழுதிக்கொடுத்த புது மாத்திரையாக இருந்தாலும், மாற்று சிகிச்சைக் குழுவைக் கேட்காமல் விழுங்காமல் இருப்பது.

ஆனால், பாரம் முழுவதையும் நோயாளி தலையில் ஏற்றுவது நியாயமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில், கண்ணில் படும் இடத்தில், ஒவ்வாமைக்கென்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். அது தமிழிலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம் கொடுத்து, ஐந்தாவது பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தால், இரவு இரண்டு மணிக்கு மகளோ மகனோ அதை எங்கே தேடுவார்கள்? சிறுநீரக மாற்று மையங்கள் எச்.எல்.ஏ. ரிப்போர்ட்டில் ஆபத்தான வகை இருந்தால் அதையும் அதே கட்டத்தில் எழுதலாம். சந்தேகம் வந்தால் எந்த நேரமும் அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் அங்கே இருக்க வேண்டும்.

அட்டையிலிருந்து கத்தரித்து, பெயர் தெரியாமல் கவரில் போட்டுத் தரும் மாத்திரைப் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒவ்வாமை வந்த பிறகு "வெள்ளை கலர்ல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு" என்று மட்டுமே சொல்ல முடிந்தால், எந்த நிபுணராலும் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாது. பெயர் எழுதாமல் மருந்து தரக் கூடாது என்பதில் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் உறுதியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரசு உறுதியாக இருக்க வைக்க வேண்டும்.

மருந்தின் பாதகமான விளைவுகளைப் பதிவு செய்ய 2010 முதல் மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இயங்குகிறது. மருத்துவர்கள் மட்டுமல்ல, நோயாளிகளும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் பதிவு செய்யலாம். நம் மக்களிடம் எந்த மருந்து எவ்வளவு ஆபத்து என்ற கணக்கு, இப்படிப் பதிவாகும் தகவல்களிலிருந்துதான் உருவாக வேண்டும். எத்தனை நாளைக்குத் தைவான் கணக்கை வைத்தே பேசுவது?

ஒரு மாற்று உறுப்புக்குப் பின்னால், துக்கத்தின் நடுவில் "சரி" என்று சொன்ன ஒரு குடும்பம் இருக்கிறது. அல்லது தன் சிறுநீரகத்தையே எடுத்துக் கொடுத்த அம்மாவோ அண்ணனோ மனைவியோ இருக்கிறார். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த உறுப்பை, யாரும் எழுதிவைக்காத ஒரு மருந்துப் பெயருக்காக இழப்பதை விதி என்று ஏற்றுக்கொள்ள முடியாது. வீட்டில் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர் இருந்தால், இன்றைக்கே அந்த ஃபைலை எடுத்து முதல் பக்கத்தைப் பார்க்கலாம். ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் அங்கே இல்லையென்றால், அடுத்த செக்-அப்பில் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.